நுரையீரலுக்குள் இறங்கும் பிளாஸ்டிக்

2022 அக்டோபரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கர்நாடக மாநில அரசுக்கு 500 கோடி ரூபாய் சுற்றுச்சூழல் இழப்பீடு விதித்தது. பெங்களூரு ஆனேக்கல் வட்டத்தின் சந்தாபுரா ஏரியைக் கழிவுகளிலிருந்து காக்கத் தவறியதற்கான தொகை அது. ஏரி கெட்டால் நாற்றம் வருகிறது, தண்ணீரின் நிறம் மாறுகிறது, செய்தி வெளியாகிறது, காலம் கடந்தேனும் ஒரு தீர்ப்பாயம் விழித்துக்கொள்கிறது. அதே ஏரியைச் சுற்றி வாடகை அறைகளில் வாழ்ந்து, பொம்மசந்திரா, ஜிகனி, அத்திப்பள்ளித் தொழிற்பேட்டைகளில் உழைக்கும் மக்கள் நாள்தோறும் உள்ளிழுக்கும் பிளாஸ்டிக் துகள்களுக்கு நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை. அவற்றை அளப்பதற்கு இந்நாட்டில் சட்டப்படியான கடமைகூட எவருக்கும் இல்லை.

ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துண்டுகள் நுண்பிளாஸ்டிக் எனப்படுகின்றன. கடலில், மீனில், உப்பில், குடிநீரில் இவை இருப்பது பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. காற்றில் இருப்பது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. பாரிஸ் நகரில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, வீடு, அலுவலகம் போன்ற மூடிய இடங்களில் ஒரு கனமீட்டர் காற்றில் 1 முதல் 60 வரை இழைகள் மிதப்பதைக் கண்டது. வெளியே அது 0.3 முதல் 1.5 வரை மட்டுமே. உள்ளே மிதந்தவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெட்ரோலிய மூலப்பொருள் கலந்தவை. 2025இல் பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் இன்னும் நுண்ணிய துகள்களை எண்ணினார்கள். வயதுவந்த ஒருவர் மூடிய இடங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 68,000 துகள்களை உள்ளிழுக்கக்கூடும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். ஆய்வுக்கு எடுக்கப்பட்ட மாதிரிகள் குறைவு என்பதையும் சேர்த்தே இந்த எண்ணைச் சொல்ல வேண்டும்.

மூக்கும் தொண்டையும் பெரிய தூசியைத் தடுத்துவிடுகின்றன. மூச்சுக் குழாயின் உட்சுவரில் உள்ள நுண்மயிர்கள் சளியோடு சேர்த்துக் குப்பையை மேலே தள்ளுகின்றன. பத்து மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள்கள் இந்தக் காவலைக் கடந்து செல்கின்றன. இரண்டரை மைக்ரானுக்குக் கீழே உள்ளவை காற்று நுண்ணறைகள் வரை போகின்றன. தலைமுடியின் பருமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டால் அளவு விளங்கும். நுண்ணறைகளில் காவல் நிற்கும் வெள்ளணுக்கள் அந்நியப் பொருளை விழுங்கிச் செரிக்க முயல்கின்றன. பிளாஸ்டிக் செரிக்காது. நீண்ட இழையாக இருந்தால் அந்த அணுவால் முழுமையாக விழுங்கவும் இயலாது. விழுங்க முயன்று தோற்கும் அணு வெளியிடும் வேதிப்பொருள்கள் சுற்றியுள்ள திசுவைப் புண்ணாக்குகின்றன. ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலைக் கெடுக்கும் வழிகளில் ஒன்று இதுவே.

மனித உடலுக்குள் இவை சேர்வது இனி ஊகமன்று. 2021இல் சாவ் பாவ்லோவில் உடற்கூறாய்வுக்கு வந்த 20 பேரின் நுரையீரல் திசு சோதிக்கப்பட்டதில் 13 பேரிடம் பிளாஸ்டிக் இருந்தது. 2022இல் இங்கிலாந்தின் ஹல் நகரில், உயிருடன் உள்ளோரிடமிருந்து அறுவைச் சிகிச்சையில் எடுக்கப்பட்ட 13 திசு மாதிரிகளில் 11இல் அது காணப்பட்டது. அதே ஆண்டு நெதர்லாந்தில் இரத்தம் கொடுத்த 22 பேரில் 17 பேரின் இரத்தத்தில் காணப்பட்டது. 2024இல் இத்தாலிய மருத்துவர்கள் கழுத்துத் தமனி அடைப்புக்குச் சிகிச்சை பெற்ற 257 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அடைப்புப் படிவில் நுண்பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று நேரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கரை மடங்காக இருந்தது. பிளாஸ்டிக்தான் காரணம் என்று இந்த ஆய்வு நிறுவவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்பதே அதன் முடிவு.

உலக சுகாதார நிறுவனம் 2022 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கையும், உணவு வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரும் நுண்பிளாஸ்டிக்கின் தீங்கை உறுதியாக மதிப்பிடப் போதிய தரவு இல்லை என்றே கூறியது. இதை மறைத்துப் பரப்புரை செய்ய வேண்டிய தேவை இடதுசாரிகளுக்கு இல்லை. வாரத்துக்கு ஒரு ஏடிஎம் அட்டை அளவு பிளாஸ்டிக்கை ஒவ்வொருவரும் உட்கொள்கிறோம் என்ற செய்தி 2019 முதல் வாட்ஸ்ஆப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த மதிப்பீடு பல மடங்கு மிகையானது என்று பின்னர் வந்த ஆய்வுகள் சொல்லிவிட்டன. மிகையைப் பரப்பினால், நாளை அது பொய்யென்று தெரியும்போது உண்மையும் சேர்ந்து நம்பிக்கை இழக்கும்.

ஆனால் ‘போதிய தரவு இல்லை’ என்ற சொற்றொடருக்கு வேறொரு வரலாறும் உண்டு. ஆஸ்பெஸ்டாஸ் ஆலைத் தொழிலாளியான நெல்லி கெர்ஷா என்ற பெண் 1924இல் இங்கிலாந்தில் நுரையீரல் கெட்டு இறந்தார். மருத்துவ இதழில் அது பதிவானது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியைக் கட்டுப்படுத்தும் விதிகள் அங்கே 1931இல்தான் வந்தன. முழுத் தடை வந்தது 1999இல். இந்தியா இன்றளவும் ஆஸ்பெஸ்டாஸை இறக்குமதி செய்து கூரைத் தகடாக்கிக்கொண்டிருக்கிறது. தரவு இல்லாமல் போனதால் ஏற்பட்ட தாமதமா இது? தரவு யாருடைய நுரையீரலிலிருந்து வந்தது என்பதல்லவா அங்கே முடிவைத் தீர்மானித்தது?

பிளாஸ்டிக் இழையைப் பொறுத்தவரை, தொழிலாளர்களின் நுரையீரலிலிருந்து வந்த தரவு ஏற்கெனவே உள்ளது. வெல்வெட் போன்ற மேற்பரப்பு உண்டாக்குவதற்காக நைலான் இழையை மிகச் சிறியதாக வெட்டித் துணியின்மீது ஒட்டும் தொழில் ஒன்று உண்டு. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் அத்தகைய ஆலை ஒன்றின் தொழிலாளர்கள் மூச்சுத்திணறலோடு 1990களில் மருத்துவர் டேவிட் கெர்னிடம் வந்தார்கள். 165 பேர் பணிபுரிந்த அந்த ஆலையில் 8 பேருக்கு நுரையீரல் திசுவைப் பாதிக்கும் நோய் இருப்பதை அவர் கண்டறிந்தார். சாதாரண மக்களிடையே அரிதாக வரும் நோய் அது. இழை வெட்டும் கத்தி உதிர்த்த நுண்ணிய நைலான் சிம்புகளை அவர்கள் உள்ளிழுத்திருந்தார்கள். இயந்திரங்களை அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்தபோது தூசி பன்மடங்கு உயர்ந்ததும் பின்னர் வெளிப்பட்டது. கனடாவின் ஒன்டாரியோவில் அதே தொழிலில் இதற்கு முன்பே ஐந்து பேர் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

கெர்ன் தம் கண்டுபிடிப்பை 1997இல் மருத்துவ மாநாட்டில் முன்வைக்க முற்பட்டபோது, இரகசியக் காப்பு ஒப்பந்தத்தைக் காட்டி நிர்வாகம் எதிர்த்தது. அவர் பணியாற்றிய மருத்துவமனையும் பல்கலைக்கழகமும் வெளியிட வேண்டாம் என்றே அறிவுறுத்தின. அவர் வெளியிட்டார். அவருடைய பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று அறிவிக்கப்பட்டது. அவர் நடத்திவந்த தொழில்சார் நோய்ப் பிரிவும் மூடப்பட்டது. மறு ஆண்டு ஆய்வு முழுமையாக அச்சேறியது. வளர்ந்த ஜனநாயகம் என்று சொல்லப்படும் நாட்டில், பெயர்பெற்ற பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவருக்கே இந்தக் கதி என்றால், ஓசூர் சாலையில் பீஸ் கணக்கில் தைக்கும் பெண் தன் இருமலைப் பற்றி மேற்பார்வையாளரிடம் வாய் திறப்பது எப்படி?

உலகில் உற்பத்தியாகும் இழைகளில் இன்று பாதிக்கு மேல் பாலியெஸ்டர். பெங்களூருவின் ஆயத்த ஆடை ஆலைகளில் வெட்டப்படுவதிலும் தைக்கப்படுவதிலும் அதன் பங்கு பெரிது. வெட்டும் மேசை, ஓவர்லாக் இயந்திரம், நூல் நறுக்கும் பகுதி, இஸ்திரிப் பகுதி என்று ஒவ்வொரு கட்டத்திலும் பஞ்சு பறக்கிறது. ‘பஞ்சு’ என்றே தொழிலாளர்கள் சொல்கிறார்கள். அதில் பருத்தி எவ்வளவு, பிளாஸ்டிக் எவ்வளவு என்று எவரும் அவர்களுக்குச் சொன்னதில்லை. பருத்தித் தூசியால் வரும் பிஸினோசிஸ் நோய் தொழிற்சாலைச் சட்டத்தின் அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் இடம்பெற்றது. ஆலைத் தொழிலாளர்களின் நீண்ட போராட்டங்களுக்கு அதில் பங்குண்டு. நைலான், பாலியெஸ்டர் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்கு அந்தப் பட்டியலில் தனி இடம் இல்லை. பட்டியலில் இல்லாத நோயை மருத்துவர் அறிவிக்கக் கடமைப்பட்டவர் அல்லர். அறிவிக்கப்படாத நோய்க்குப் புள்ளிவிவரம் இருக்காது. புள்ளிவிவரம் இல்லையென்றால் பட்டியலில் சேர்க்கக் காரணமும் இருக்காது. இந்த வட்டத்தை உடைப்பதற்கு வெளியிலிருந்து ஒரு கை வேண்டும். அது தொழிற்சங்கத்தின் கை.

2025 நவம்பர் 21 அன்று ஒன்றிய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டு ஜூலை 9 அன்று கோடிக்கணக்கான தொழிலாளர்கள் பொது வேலைநிறுத்தம் செய்து தெரிவித்த எதிர்ப்பை அது பொருட்படுத்தவில்லை. பணிப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய தொகுப்பின்படி, மின்சக்தி பயன்படுத்தும் இடம் தொழிற்சாலையாகக் கருதப்பட 10 பேர் போதும் என்றிருந்தது 20 ஆகவும், மின்சக்தி இல்லாத இடத்துக்கு 20 என்றிருந்தது 40 ஆகவும் உயர்த்தப்பட்டுள்ளது. பெரிய ஆலைகளிடமிருந்து துணை ஒப்பந்தம் பெற்று 15 இயந்திரங்களோடு தகரக் கொட்டகையில் நடக்கும் தையல் கூடங்களையும், பழைய பிளாஸ்டிக்கை அரைத்துக் குருணையாக்கும் சிறு பட்டறைகளையும் இந்த ஒரு திருத்தம் தொழிற்சாலை என்ற வரையறைக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. தூசி மிக அதிகமாகவும் காற்றுப்போக்கி மிகக் குறைவாகவும் இருக்கும் இடங்கள் இவையே. நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை இலவச மருத்துவப் பரிசோதனை என்பதை அரசு பெரிய சாதனையாக விளம்பரம் செய்கிறது. ஆயத்த ஆடைத் தொழிலில் பெரும்பாலோர் இளம்பெண்கள். நாற்பதை எட்டுவதற்குள் அவர்களில் எத்தனை பேரை ஆலை வேலையில் வைத்திருக்கிறது என்பதை விளம்பரம் எழுதியவர் விசாரித்திருக்கலாம்.

ஆலைக் கதவைத் தாண்டினால் ஓசூர் சாலை. வாகன டயர் தேய்ந்து உதிரும் தூள் செயற்கை ரப்பரும் கார்பன் கரியும் உலோகங்களும் கலந்தது. நுண்பிளாஸ்டிக் மாசின் மிகப்பெரிய ஊற்றுகளில் அதுவும் ஒன்று. 2017இல் வெளியான கணக்கீடு ஒன்றின்படி உலக அளவில் ஆளுக்கு ஆண்டுக்கு சராசரி 0.81 கிலோ டயர் தூள் உதிர்கிறது. நாட்டுக்கு நாடு அது 0.23 கிலோ முதல் 4.7 கிலோ வரை மாறுகிறது. அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் காற்றிலிருந்து படிந்த நுண்பிளாஸ்டிக்கில் 84 விழுக்காடு சாலைகளிலிருந்து எழும்பியது என்று 2021இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. சென்னைச் சாலைப் புழுதியிலும் நுண்பிளாஸ்டிக் இருப்பது பதிவாகியுள்ளது. மின்சார வாகனம் புகையைக் குறைக்கும். மின்கலத்தின் எடையால் டயர் தேய்மானத்தைக் குறைக்காது. சாலையில் ஓடும் டயர்களின் எண்ணிக்கையே குறைய வேண்டும். அதற்கு வழி பொதுப் போக்குவரத்து.

பெங்களூரு மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம், 19 கிலோமீட்டர் நீளத்தில் 16 நிலையங்களோடு, 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை வந்தது. தொடங்கியபோது ஓடியவை மூன்று ரயில்கள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 25 நிமிடம். அதே ஆண்டு பிப்ரவரியில் மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ரூபாயாக உயர்த்தப்பட்டிருந்தது. சந்தாபுராவிலிருந்து வேலைக்குப் போகும் தொழிலாளிக்கு இந்தக் கணக்கு கட்டுமா? கட்டாதவர்கள் இருசக்கர வாகனத்தில் லாரிகளுக்கிடையே நுழைந்து, டயர் தூள் மண்டிய காற்றை முகத்தில் வாங்கியபடி போகிறார்கள். 2023 ஜூன் முதல் கர்நாடகத்தில் பெண்களுக்கு அரசுப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் உள்ளது. நல்ல திட்டம், தொழிற்பேட்டைகளின் ஷிப்ட் நேரத்துக்கேற்பப் பேருந்துகளைக் கூட்டினால்தான் அதன் பயன் ஆலைத் தொழிலாளர்களை முழுமையாகச் சேரும். கட்டணக் குறைப்புக்கான போராட்டத்தைச் சுகாதாரக் கோரிக்கையாகவும் எழுப்ப இடமுண்டு.

சாலைப் புழுதியை உலர்ந்த துடைப்பத்தால் கூட்டி எழுப்பி, அதை முதலில் சுவாசிப்பவர்கள் துப்புரவுப் பணியாளர்கள். குப்பைக்குத் தீ வைத்தால் அந்தப் புகையையும் அவர்களே முதலில் சுவாசிக்கிறார்கள். 2024 செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளியான ஆய்வின்படி, சுற்றுச்சூழலில் பிளாஸ்டிக் கலக்கும் நாடுகளில் இந்தியா முதலிடத்தில் உள்ளது: ஆண்டுக்கு 93 இலட்சம் டன். அதில் 58 இலட்சம் டன் திறந்தவெளியில் எரிக்கப்படுகிறது. இதனை மக்களின் பொறுப்பின்மை என்று எழுதிவிட்டுப் போவது எளிது. குப்பை அள்ளும் வண்டி வாரத்துக்கு இருமுறை வரும் தெருவில், வராத நாள்களில் மக்கள் என்ன செய்வார்கள்? குப்பையைத் திறந்தவெளியில் எரிப்போருக்கு 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. குப்பையை அள்ளாத உள்ளாட்சிக்கும் அதே வேகத்தில் அபராதம் உண்டா? புரசபைகளில் போதிய நிரந்தரப் பணியாளர்களை நியமிக்காமல் ஒப்பந்ததாரரிடம் விட்டுவிட்டு, எரிக்காதீர் என்று சுவரில் எழுதிவைப்பதால் புகை நிற்காது.

வீட்டுக்குள் செய்யக்கூடியவை சில உண்டு. செலவு பெரிதாக இல்லாதவை. மூடிய அறையின் காற்றில்தான் இழைகள் அதிகம் என்பதால் முதல் மருந்து காற்றோட்டம். கூட்டுவதற்கு முன் தண்ணீர் தெளிப்பதும் ஈரத் துணியால் தரையைத் துடைப்பதும் நம் பாட்டிமார் அறிந்த முறை. தூசியை எழுப்பாமல் பிடித்துவிடும். இன்றைய வாடகை அறையைச் சுற்றிப் பார்த்தால் பாய் பாலிப்ரொப்பிலீன், போர்வை பாலியெஸ்டர், தலையணைக்குள் செயற்கைப் பஞ்சு, கொசுவலை நைலான். கோரைப்பாயும் இலவம்பஞ்சும் விலையில் தோற்று வெளியேறிவிட்டன. எல்லாவற்றையும் மாற்றச் சொல்வது தொழிலாளர் குடும்பத்தைக் கேலி செய்வதாகும். நைந்து உதிரத் தொடங்கிய பிளாஸ்டிக் பாயையும் பழைய பிளாஸ்டிக் சாக்கையும் மட்டுமாவது அறையிலிருந்து அகற்றலாம். அதில் குழந்தையைப் படுக்கவைப்பதைத் தவிர்க்கலாம். செயற்கை இழைத் துணிகளை வெளியே உலர்த்தி உதறியபின் உள்ளே கொண்டுவரலாம். விறகடுப்பு பற்றவைக்க பால் கவரைக் கொளுத்தும் பழக்கத்தை இன்றே விடலாம். ஆலையிலிருந்து திரும்பியதும் உடை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்கலாம். தூசி மிகுந்த வேலையில் என்-95 வகைக் கவசம் துணிக் கவசத்தைவிட மேல். ஆனால் எட்டு மணி நேரமும் வெக்கையில் அதை அணிந்துகொண்டு உற்பத்தி இலக்கை முடிக்கச் சொல்வது நிர்வாகம் தன் கடமையைத் தொழிலாளியின் முகத்தில் கட்டுவதாகும். தூசி எழும் இடத்திலேயே அதை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு ஆலையில் இருக்க வேண்டும்.

கொள்கைத் தளத்தில் நிலைமை இன்னும் மோசம். 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர அளவுகோலில் 12 மாசுகள் உள்ளன. நுண்பிளாஸ்டிக் அவற்றில் இல்லை. பிஎம் 2.5 என்று எடை போடும்போது அதுவும் சேர்ந்தே நிறுக்கப்படுகிறது. எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதில்லை. 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டமும் இதைத் தொடவில்லை. பிளாஸ்டிக் மாசைத் தடுக்கும் உலக ஒப்பந்தத்துக்கான பேச்சுவார்த்தை 2024 இறுதியில் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் முடிவின்றிக் கலைந்தது. மூலப் பிளாஸ்டிக் உற்பத்திக்கு எந்த வரம்பும் கூடாது என்பதே அங்கே இந்திய அரசு எடுத்த நிலை. வளர்ச்சியின் பெயரால் அது வாதிட்டது. பெட்ரோ கெமிக்கல் ஆலைகளைப் பெருக்கிக்கொண்டிருக்கும் சில பெருநிறுவனங்களின் வளர்ச்சிக்கு அந்த வாதம் பொருந்தும். உறிஞ்சுகுழலையும் கரண்டியையும் 2022 ஜூலையில் தடைசெய்து சிறுகடைக்காரரிடம் அபராதம் வசூலித்த அதே அரசுதான், உற்பத்தியின் தலைவாயிலில் கைகட்டி நிற்கிறது.

2016 ஏப்ரல் 18 அன்று இதே ஓசூர் சாலையில், பொம்மனஹள்ளியில், ஆயத்த ஆடை ஆலைப் பெண்கள் வெளியே வந்து அமர்ந்தார்கள். வருங்கால வைப்பு நிதியை எடுப்பதற்கு ஒன்றிய அரசு விதித்த புதிய கட்டுப்பாட்டை எதிர்த்து, பெரிய தலைவர்களின் அழைப்பு ஏதுமின்றி, ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். தடியடியும் கண்ணீர்ப் புகையும் வந்தன. மறுநாளே அரசு அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. பணம் கண்ணுக்குத் தெரியும், தூசி தெரியாது என்பதால் அதே திரட்டல் இதில் தானாக நிகழாது. அதற்குக் கிளைகளின் பொறுமையான வேலை தேவை.

ஆனேக்கல் வட்டத்திலும், எல்லைக்கு இப்பால் ஓசூரிலும், திருப்பூரின் பின்னலாடைக் கூடங்களிலும் அந்த வேலையைச் சிறியதாகத் தொடங்கலாம். நோயாளியிடம் ‘என்ன வேலை செய்கிறாய்’ என்று கேட்குமாறு 1700இலேயே இத்தாலிய மருத்துவர் ராமசினி சக மருத்துவர்களுக்குச் சொன்னார். ஈஎஸ்ஐ மருந்தகத்தின் சீட்டில் அந்தக் கேள்விக்கான விடை எழுதப்படுகிறதா என்று உறுப்பினர்கள் பார்க்கட்டும். தொடர் இருமல், மாடி ஏறினால் இளைப்பு, விடுமுறையில் குறைந்து வேலைக்குப் போனதும் திரும்பும் மூச்சுத்திணறல் ஆகியவை யாருக்கு, எந்தப் பிரிவில், எத்தனை ஆண்டுப் பணிக்குப் பின் வந்தன என்று ஒரு நோட்டில் குறிக்கட்டும். அந்த நோட்டு நாளை ஆய்வாளர் முன் வைக்கப்படும் முதல் சான்றாகலாம். அழுத்தக் காற்றால் ஊதிச் சுத்தம் செய்வதை நிறுத்தி உறிஞ்சு கருவி தர வேண்டும்; வயது வரம்பின்றி ஆண்டுதோறும் நுரையீரல் திறன் சோதனை நடத்த வேண்டும்; செயற்கை இழைத் தூசி நோயை அறிவிக்கத்தக்க நோய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற மூன்று கோரிக்கைகளையும் அடுத்த ஊதியப் பேச்சுவார்த்தையின் கோரிக்கைப் பட்டியலிலேயே சேர்க்கத் தொழிற்சங்கங்கள் முன்வர வேண்டும். முதல் கோரிக்கைக்கு ஆலை நிர்வாகம் எந்தச் சட்டத் திருத்தத்துக்கும் காத்திருக்கத் தேவையில்லை.